இரண்டு வீடு, ஒரு வரிக் கணக்கு: அமெரிக்க எரிசக்தி கிரெடிட்டை எந்த வீட்டுக்குக் கேட்கலாம்?

அமெரிக்காவில் சொந்த வீட்டுக்கு இன்சுலேஷன், ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பம் எடுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி), சோலார் போட்டவர்களுக்கு ஃபெடரல் வருமான வரியில் இரண்டு கிரெடிட்டுகள், அதாவது கட்டவேண்டிய வரியிலிருந்து நேராகக் கழியும் சலுகைகள், 2025 இறுதி வரை இருந்தன. வரிச் சட்டத்தின் 25சி பிரிவில் வருவது வீட்டைச் செப்பனிடுவதற்கு. 25டி பிரிவில் வருவது சோலார், பேட்டரி, பூமிவெப்ப ஹீட் பம்ப் போன்றவற்றுக்கு. இரண்டுமே செலவில் 30 சதவீதம், இரண்டுக்கும் ஒரே படிவம்: ஃபார்ம் 5695. ஒரே வீடு உள்ளவர் இதை அரை மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். மலையடிவாரத்தில் வாரயிறுதி வீடு, பிள்ளை படிக்கும் ஊரில் வாங்கிய கான்டோ, வேலை மாறியதால் பாதி வருடத்தில் காலி செய்த பழைய வீடு என்று இன்னொன்று சேரும்போதுதான் தலை சுற்றும்.

இரண்டு விஷயங்களை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எந்த வீடு தகுதி பெறும் என்பது வீட்டை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல, அதில் போட்ட பொருளையும் பொறுத்தது. 25சி-யின் உச்சவரம்போ வீட்டுக்கு வீடு கிடையாது, வரி கட்டும் ஆளுக்கு ஒன்றுதான். இந்த இரண்டும் புரிந்தால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்.

இப்போது யாருக்கு இது பயன்படும்

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இரண்டு கிரெடிட்டுகளையும் 2025 டிசம்பர் 31-உடன் முடித்துவிட்டது. 2026-இல் பொருத்திய பொருளுக்கு எந்த வீடாக இருந்தாலும் இவை கிடையாது. 2025 நவம்பரில் முழுப் பணமும் கட்டி, சோலார் வேலை 2026 பிப்ரவரியில் முடிந்திருந்தாலும் கிடையாது. பணம் கொடுத்த தேதி கணக்கில் வராது, வேலை முடிந்த தேதிதான் வரும். இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

அதனால் இந்த வழிகாட்டி மூன்று தரப்பினருக்கு: 2025-ஆம் ஆண்டுக் கணக்கை நிரப்புகிறவர்கள், 2023 அல்லது 2024 கணக்கில் கேட்க மறந்து இப்போது ஃபார்ம் 1040-எக்ஸ் மூலம் திருத்த நினைப்பவர்கள், பழைய சோலார் கிரெடிட்டில் பயன்படுத்தாமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிய மிச்சம் வைத்திருப்பவர்கள். 2023 கணக்கை உரிய காலத்தில் தாக்கல் செய்தவருக்குத் திருத்த 2027 ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு. 2024 கணக்குக்கு 2028 ஏப்ரல் 15 வரை. 2022-க்கும் முன்புக்கும் 25சி விதியே வேறு, 10 சதவீதமும் வாழ்நாளுக்கு 500 டாலர் வரம்பும். அந்த ஆண்டுகளின் பில்லை இந்தக் கணக்கோடு கலக்காதீர்கள்.

முதல் படி: வீடுகளை வகை பிரியுங்கள்

ஒரு தாளில் வீடுகளின் முகவரிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த வகை என்று குறியுங்கள்.

முதன்மை வீடு என்பது நீங்கள் பெரும்பாலும் வசிக்கும் வீடு. ஒரு சமயத்தில் ஒன்றுதான் முதன்மை வீடாக இருக்க முடியும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வரிக் கணக்கில் கொடுத்த முகவரி, வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் உள்ள தூரம், தபால் வந்து சேரும் இடம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். "இந்த வருடம் அந்த வீட்டை முதன்மை என்று போட்டுக்கொள்ளலாமா" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: போட்டுக்கொள்வது அல்ல, இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வீடு என்றால் வருடத்தில் சில காலம் நீங்களே போய்த் தங்கும், வாடகைக்கு விடாத வீடு. தனி வீடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கான்டோ, மொபைல் ஹோம், சமைக்கவும் தூங்கவும் வசதியுள்ள படகு வீடு எல்லாம் வீடுதான்.

முழுக்க வாடகைக்கு விட்டு, நீங்கள் தங்காத வீட்டுக்கு இரண்டு கிரெடிட்டும் இல்லை. அங்கே செய்த செலவு, வாடகை வருமானத்துக்கான ஷெட்யூல் ஈ படிவத்தில் வாடகைச் செலவாகவோ தேய்மானமாகவோ போகும். ஹீட் பம்ப் போன்றவை கட்டடத்தோடு சேர்ந்து 27.5 ஆண்டுத் தேய்மானத்தில் வரும். கல்லூரியில் படிக்கும் மகன் மட்டும் குடியிருக்கும் கான்டோவும் உங்களுக்கு வசிப்பிடம் ஆகாது. சொந்தக்காரர் என்பது மட்டும் போதாது, நீங்கள் வசித்திருக்க வேண்டும்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இன்னொன்று: கோயம்புத்தூரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் போட்ட சோலாருக்குக் கேட்கலாமா? கேட்க முடியாது. வீடு அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும் என்று இரண்டு பிரிவுகளும் சொல்கின்றன. வீடு உங்கள் பெயரில் இருந்தாலும், பணம் இங்கிருந்து போயிருந்தாலும் அப்படித்தான்.

கொஞ்ச நாள் தங்கி, மீதி நாள் இணையதளம் வழியாக வாடகைக்கு விடும் வீடுதான் உண்மையிலேயே சிக்கலானது. இரண்டாவது வீடு என்று அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் விளக்கும்போது, பகுதி நேரம் வசித்து மற்றவருக்கு வாடகைக்கு விடாத வீட்டைத்தான் சொல்கிறது. தொழில் உபயோகம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் முழு கிரெடிட், அதைத் தாண்டினால் சொந்த உபயோகப் பங்குக்கு மட்டும் என்ற விதி வீட்டிலேயே அலுவலகம் வைத்திருப்பவருக்கு நேராகப் பொருந்தும். விடுமுறை வாடகை வீட்டுக்கு அதை நீங்களாகவே பொருத்திப் பார்க்காதீர்கள். இந்த ஒரு இடத்தில் சிபிஏ (உரிமம் பெற்ற கணக்கர்) ஒருவருக்குக் கட்டணம் கொடுப்பது வீண் செலவில்லை.

இரண்டாம் படி: பொருள்களைப் பிரியுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரே 25சி பிரிவுக்குள்ளேயே இரண்டு விதமான வீட்டு நிபந்தனைகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

ஜன்னல், கூரைக் கண்ணாடி, வெளிக்கதவு, இன்சுலேஷன், காற்றுக் கசிவை அடைக்கும் பொருள்கள் ஆகியவை கட்டடத்தின் உறை. இவை உங்களுக்குச் சொந்தமான முதன்மை வீட்டில் போட்டால் மட்டுமே செல்லும். பொருள் புதிதாக இருக்க வேண்டும், குறைந்தது 5 ஆண்டுகள் நீடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். புதிதாகக் கட்டும் வீட்டுக்குப் பொருந்தாது. இரண்டாவது வீட்டில் எவ்வளவு உயர்ந்த ஜன்னல் மாட்டினாலும் கிரெடிட் பூஜ்யம்தான். வீட்டின் எரிசக்தித் தணிக்கைக்கும், அதாவது எரிசக்தி எங்கே வீணாகிறது என்று நிபுணர் வந்து பார்ப்பதற்கும், முதன்மை வீடுதான் வேண்டும்.

ஹீட் பம்ப், ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர், சென்ட்ரல் ஏசி, எரிவாயு வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ், பாய்லர், மரத்துகள் அடுப்பு, மின் பேனல் ஆகியவை உபகரணங்கள். இவற்றுக்குச் சட்டம் கேட்பது நீங்கள் வசிக்கும் வீடு என்பதை மட்டுமே, முதன்மை வீடு என்பதை அல்ல. அதனால் இரண்டாவது வீட்டில் போட்டாலும் செல்லும். வாடகைக்குக் குடியிருப்பவர் தன் பணத்தில் போட்டாலும் செல்லும். மின் பேனலுக்கு மட்டும் கூடுதல் நிபந்தனைகள்: 200 ஆம்ப் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், கிரெடிட்டுக்குத் தகுதியான இன்னொரு பொருளோடு சேர்ந்து, அதை இயக்குவதற்காகவே போட்டதாக இருக்க வேண்டும். சும்மா பழைய பேனலை மாற்றினால் வராது.

25டி-யில் வரும் சோலார் பேனல், சோலார் வாட்டர் ஹீட்டர், சிறு காற்றாலை, பூமிவெப்ப ஹீட் பம்ப், 3 கிலோவாட் மணி அல்லது அதற்கு மேல் கொள்ளளவுள்ள பேட்டரி ஆகியவை இரண்டாவது வீட்டிலும் செல்லும். ஃபியூயல் செல் மட்டும் விதிவிலக்கு, முதன்மை வீடு வேண்டும். நீச்சல் குளத்தைச் சூடாக்கும் சோலாருக்கு எந்த வீட்டிலும் இல்லை. குத்தகைக்கு எடுத்த சோலாருக்கும், யூனிட் கணக்கில் பணம் கட்டும் ஒப்பந்தத்துக்கும் இல்லை, ஏனென்றால் பேனல் உங்களுடையது அல்ல. கடன் வாங்கிப் போட்டிருந்தால் முழு விலைக்கும் உண்டு, வட்டிக்கு இல்லை.

ஹீட் பம்ப் என்ற பெயரே ஒரு பொறி. காற்றிலிருந்து வெப்பம் எடுப்பது 25சி-யில் வரும், 2,000 டாலர் வரம்புக்கு உட்பட்டது. நிலத்துக்குள் குழாய் இறக்குவது 25டி-யில் வரும், அதற்கு வரம்பே இல்லை. பில்லில் வெறுமனே ஹீட் பம்ப் என்று மட்டும் இருந்தால் எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். படிவத்தில் தவறான பகுதியில் போட்டால் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும்.

மூன்றாம் படி: வரம்புகள்

25சி-யில் இரண்டு பெட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பொருள்கள் போகும் முதல் பெட்டிக்கு ஆண்டுக்கு 1,200 டாலர். அதற்குள்ளேயே சிறு வரம்புகள் உண்டு: ஜன்னல்கள் மொத்தம் 600, ஒரு கதவுக்கு 250 என்று எல்லாக் கதவுக்கும் சேர்த்து 500, ஏசி, ஃபர்னஸ், மின் பேனல் போன்றவை ஒவ்வொன்றுக்கும் 600, தணிக்கைக்கு 150. ஹீட் பம்ப், ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர், மரத்துகள் அடுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து போகும் இரண்டாவது பெட்டிக்கு ஆண்டுக்கு 2,000. ஆக மொத்தம் ஓர் ஆண்டுக்கு 3,200.

இந்த 3,200 உங்களுக்கு. உங்கள் வீடுகளுக்கு அல்ல. வீட்டுக்கு ஒன்றாக இரண்டு ஹீட் பம்ப் போட்டாலும் 4,000 கிடையாது, 2,000-தான். சோலார் விற்பவர்களும் ஏசி விற்பவர்களும் ஒவ்வொரு வீட்டுக்கும் 3,200 வரும் என்று சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். 2023-இல் ஒரு வீடு, 2024-இல் இன்னொரு வீடு என்று வேலையை ஆண்டு தள்ளிச் செய்தவர்களுக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் வரம்பு புதிதாகத் தொடங்கியது. பழைய கணக்கைத் திருத்துகிறவர்கள் பில்லின் தேதியைக் கூர்ந்து பார்க்கவேண்டியது இதனால்தான்.

வருடத்தின் நடுவே வீடு மாறியவர்களுக்கும் இதே விதிதான். மார்ச்சில் பழைய வீட்டில் இன்சுலேஷன், ஜூலையில் குடிபோய் அக்டோபரில் புதிய வீட்டில் ஜன்னல் என்றால், பொருத்தியபோது அதுவே முதன்மை வீடாக இருந்ததால் இரண்டுமே செல்லும். 1,200 மட்டும் இரண்டுக்கும் பொது.

கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்தால் பொதுவாக ஒரு வரம்புதான். வேலை காரணமாக ஒருவர் டாலஸிலும் ஒருவர் சியாட்டிலிலும் தனித்தனி முதன்மை வீட்டில் வசிக்கும் குடும்பங்கள் நம்மிடையே கணிசமாக இருக்கின்றன. அவர்களுக்கு வரம்பு இருவருக்கும் தனித்தனியாகப் பொருந்தும். அப்போது வீட்டுக்கு ஒன்றாக இரண்டு ஃபார்ம் 5695 போட்டு, இரண்டின் தொகையையும் ஒரு படிவத்தில் கூட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட முதன்மை வீடு என்று அந்தக் கூட்டுத்தொகை எழுதிய வரியின் புள்ளிக்கோட்டில் குறித்து, இரண்டையும் இணைக்க வேண்டும். எந்த வரியில் கூட்ட வேண்டும் என்று அந்தந்த ஆண்டின் படிவக் குறிப்பில் வரி எண்ணோடு இருக்கும். வாரயிறுதியில் போய்வரும் இரண்டாவது வீட்டைக் காட்டி இதைக் கேட்க முடியாது.

நான்காம் படி: பில்களைத் திருத்தி வாங்குங்கள்

கட்டட உறைப் பொருள்களுக்குக் கூலி சேராது, பொருளின் விலைக்கு மட்டும்தான் கிரெடிட். உபகரணங்களுக்கும் சோலாருக்கும் கூலியும் சேரும். பரணில் இன்சுலேஷன் போட்டு 4,000 டாலர் என்று ஒற்றை வரியில் கொடுத்த பில் கிட்டத்தட்ட உபயோகமற்றது. பொருள் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து, வேலை நடந்த வீட்டின் முகவரியும் முடிந்த தேதியும் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரே ஒப்பந்தக்காரர் இரண்டு வீட்டிலும் வேலை செய்திருந்தால் வீட்டுக்கு ஒரு பில் கட்டாயம்.

மின் நிறுவனம் கொடுத்த தள்ளுபடியைச் செலவிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்துக்கு 30 சதவீதம் போடுங்கள். மிகை சோலார் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு நிறுவனம் பில்லில் தரும் வரவைக் கழிக்க வேண்டாம். சோலாருக்காகக் கூரையை மாற்றினால் சாதாரண ஓட்டுக்கும் தளத்துக்கும் கிரெடிட் இல்லை, தானே மின்சாரம் தயாரிக்கும் சோலார் ஓட்டுக்கு உண்டு.

தரக் குறியையும் பாருங்கள். ஜன்னலுக்கு எரிசக்திச் சிக்கனத்தைக் காட்டும் சாதாரண எனர்ஜி ஸ்டார் முத்திரை போதாது, எனர்ஜி ஸ்டார் மோஸ்ட் எஃபிஷியன்ட் என்று இருக்க வேண்டும். கதவுக்கு எனர்ஜி ஸ்டார் போதும். ஏசி, ஹீட் பம்ப் போன்றவை அந்த ஆண்டுக்கான உயர்ந்த தரப் படியில் இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மினி ஸ்பிளிட்டில் (சுவரில் மாட்டும் சிறு ஏசி, ஹீட் பம்ப் வகை) பல இதில் தேறாது. உற்பத்தியாளரின் சான்றிதழைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கோடு இணைக்க வேண்டாம், கேட்டால் காட்டினால் போதும். 2025-இல் பொருத்திய ஜன்னல், கதவு, ஹீட் பம்ப் போன்றவற்றுக்கு உற்பத்தியாளரின் நான்கு எழுத்துக் குறியீட்டையும் படிவத்தில் எழுத வேண்டும். இன்சுலேஷனுக்கு அது தேவையில்லை. குறியீடு உற்பத்தியாளரிடம் இருக்கும், மாட்டிக்கொடுத்தவரிடம் இருக்காது.

ஐந்தாம் படி: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நியூ ஜெர்சியின் எடிசனில் முதன்மை வீடு, பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதியில் வாடகைக்கு விடாத இரண்டாவது வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு 2025.

எடிசனில் பரண் இன்சுலேஷனுக்குப் பொருள் 2,400 டாலர், கூலி 1,600. கூலியை விட்டுவிட்டால் கிரெடிட் 720. வாசல் கதவு 1,100. 30 சதவீதம் 330, வரம்பு 250. தணிக்கை 400, கிரெடிட் 120. ஆக 1,090. 1,200-க்குள் இருப்பதால் முழுதும் செல்லும். அதே எடிசனில் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் 3,000, கிரெடிட் 900.

போகோனோவில் ஜன்னல்களுக்கு 5,000 செலவு, கிரெடிட் இல்லை. காற்று ஹீட் பம்ப் 12,000. 30 சதவீதம் 3,600. இதனோடு எடிசனின் 900 சேர்ந்து 4,500, ஆனால் பெட்டியின் வரம்பு 2,000. போகோனோ கூரையில் சோலார் 18,000. கிரெடிட் 5,400, வரம்பு இல்லை.

25சி மொத்தம் 3,090. 25டி 5,400. மற்ற கிரெடிட்டுகள் போக இவர்களுக்கு மிஞ்சும் வரி 7,000 என்றால், முதலில் 3,090 கழியும். மிச்சம் 3,910-க்குச் சோலார் கிரெடிட் போகும். சோலாரில் எஞ்சும் 1,490 அடுத்த ஆண்டுக்குப் போகும். வரி 2,500 மட்டும் என்றால் 25சி-யில் 590 டாலர் அப்படியே போய்விடும், ஏனென்றால் 25சி-யைப் பணமாகவும் தரமாட்டார்கள், அடுத்த ஆண்டுக்கும் எடுத்துச்செல்ல விடமாட்டார்கள். சோலாரின் 5,400 முழுதும் பத்திரமாக அடுத்த ஆண்டுக்குப் போகும். வரியே அதிகம் கட்டாத ஓய்வுபெற்றவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆறாம் படி: படிவம்

ஃபார்ம் 5695-இன் இரண்டாம் பகுதியை முதலில் நிரப்புங்கள், பிறகு முதல் பகுதி. முதல் பகுதியின் வரம்புக் கணக்கு இரண்டாம் பகுதியின் விடையைக் கேட்கும். தலைகீழாகப் போனால் திரும்பி வந்து அழித்து எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாம் பகுதியின் 17-ஆம் வரி கட்டட உறைப் பொருள்கள் உங்கள் முதன்மை வீட்டுக்கா என்று கேட்கும். அங்கே எடிசன் முகவரி மட்டும். 21-ஆம் வரியில் உபகரணம் வைத்த வீட்டின் முகவரி கேட்பார்கள். அங்கே எடிசனும் போகோனோவும். முதல் பகுதியில் சோலார் வைத்த வீட்டின் முகவரி, அதாவது போகோனோ. சில வரி மென்பொருள்கள் கணக்கின் மேலே உள்ள முகவரியையே எல்லா இடத்திலும் தானாகப் போட்டுவிடும். அச்செடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அனுப்புவதற்கு முன் பாருங்கள்.

கிடைத்த விடைகள் ஃபார்ம் 1040-உடன் இணைக்கும் ஷெட்யூல் 3-க்குப் போகும்: 25டி 5ஏ வரியிலும் 25சி 5பி வரியிலும். அடுத்த ஆண்டுக்குப் போகும் சோலார் மிச்சம் முதல் பகுதியின் 16-ஆம் வரியில் நிற்கும். அடுத்த கணக்கில் அதை 12-ஆம் வரியில் எழுத வேண்டியது உங்கள் பொறுப்பு. மென்பொருளையோ கணக்கரையோ மாற்றும்போது இந்த ஒரு எண்தான் அதிகம் தொலைகிறது.

கடைசியாக, வீட்டை விற்கும்போது தேவைப்படும் ஒரு கணக்கு. வாங்கிய கிரெடிட்டை வீட்டின் அடக்க விலையில் சேர்க்கக் கூடாது. 12,000 டாலர் ஹீட் பம்புக்கு 2,000 கிரெடிட் வாங்கியிருந்தால் அடக்க விலையில் கூடுவது 10,000-தான். முதன்மை வீட்டை விற்பவருக்கு லாபத்தில் பெரும் பகுதி விலக்காகிவிடுவதால் இது அவ்வளவாக உறுத்தாது. இரண்டாவது வீட்டுக்கு அந்த விலக்கு இல்லை, ஒவ்வொரு டாலரும் லாபக் கணக்கில் வரும். அதனால் போகோனோ பில்களை மூன்று ஆண்டில் தூக்கிப் போடாமல், அந்த வீட்டை விற்று அதன் வரிக் கணக்குக்கான காலமும் முடியும் வரை வைத்திருங்கள்.